கோல்ஃப் கையுறை: அளவு பார்ப்பது, மாட்டுவது, ஓட்டை விழுந்தால் என்ன அர்த்தம்

கோல்ஃப் கையுறையை முதல்முறை மாட்டிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் கடைக்காரரிடம் சொல்வது, "கொஞ்சம் இறுக்கமா இருக்கே, அடுத்த சைஸ் குடுங்க" என்பதுதான். அந்த அடுத்த சைஸில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. தோல் கையுறை கையின் சூட்டுக்கும் வியர்வைக்கும் இரண்டு மூன்று ரவுண்டுக்குள் (ஒரு ரவுண்டு என்பது 18 குழி ஆட்டம்) இளகிக் கொடுத்துவிடும். கடையில் சுகமாக இருந்த உறை பத்து நாளில் உள்ளங்கையில் சுருக்கம் விழுந்து, அடிக்கும்போது தோலுக்கும் கிளப்புக்கும் (பந்தை அடிக்கும் மட்டைக்கும்) நடுவே நழுவ ஆரம்பிக்கும். செருப்பு வாங்கும் புத்தியோடு இதை வாங்கக் கூடாது. செருப்பில் விரலுக்கு இடம் வேண்டும். கையுறையில் இடம் இருந்தால் அது வேலைக்கு ஆகாது.

கையுறை எதற்கு என்று கேட்டால் "கை காய்ச்சுப்போகாமல் இருக்க" என்று பலர் சொல்வார்கள். அது கூடவே கிடைக்கும் லாபம், அவ்வளவுதான். டிரைவர் என்கிற, நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பின் தலை சுமார் 200 கிராம். சாதாரண ஆட்டக்காரர் அதை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றுகிறார். பந்தைத் தொடும் நேரத்தில் அந்தத் தலை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பதற்குக் குறையாது. வெறுங்கை வியர்த்திருந்தால் நழுவிவிடுமோ என்று மூளை பயந்து, நமக்கே தெரியாமல் விரல்களை இறுக்கும். விரல் இறுகினால் முன்கை விறைக்கும், முன்கை விறைத்தால் மணிக்கட்டு சரியான நேரத்தில் திரும்பாது. கிளப்பின் முகம் திறந்தபடியே வந்து மோத, வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கமாக வளைந்து மரத்துக்குள் போகும். தோலுக்கும் கிளப் பிடியின் ரப்பருக்கும் இடையே உராய்வைக் கூட்டி, கை இறுகாமலே கிளப் நிற்கும்படி செய்வதுதான் கையுறையின் வேலை. அளவு, தோல் வகை, மாட்டும் முறை என்று இனி சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

எந்தக் கைக்கு?

வலக்கை ஆட்டக்காரர் இடது கையில் போட வேண்டும், இடக்கை ஆட்டக்காரர் வலது கையில். கிரிப்பின், அதாவது கிளப்பின் ரப்பர் பிடியின், மேல்முனையைப் பிடிப்பது அந்தக் கைதான். அதன் கடைசி மூன்று விரல்களும் உள்ளங்கையின் அடிச்சதையும்தான் கிளப்பைத் தாங்குகின்றன. கீழே வரும் கை அதிகமாக இழுபடுவதில்லை. தொடுகை உணர்வு வேண்டும் என்று அதைப் பெரும்பாலோர் வெறுமையாகவே விடுகிறார்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது இங்கேதான் குழப்பம். பாக்கெட்டில் உள்ள 'எல்எச்', 'ஆர்எச்' என்ற குறி, உறை எந்தக் கையில் ஏறும் என்பதைச் சொல்வது. நீங்கள் எந்தக் கை ஆட்டக்காரர் என்பதை அது சொல்லவில்லை. ஆனால் சில விற்பனைப் பக்கங்களில் 'ரைட் ஹேண்டட்' என்று ஆட்டக்காரரைக் குறித்துப் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். வெல்க்ரோ பட்டை தெரியும் புறங்கைப் பக்கம், விரல்கள் மேலே பார்த்தபடி இருந்தால், கட்டைவிரல் வலப்பக்கம் நீண்டிருப்பது இடது கை உறை.

அளவு எடுப்பது

தையல்காரர் டேப் ஒன்று போதும். கையுறை போடப்போகும் கையையே அளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இரண்டு கையும் ஒரே அளவில் இருக்காது. விரல்களைச் சேர்த்து நீட்டி, விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பை ஓட்டுங்கள். இறுக்காமல், தொளதொளக்காமல் தொட்டு நிற்கட்டும். அடுத்து நடுவிரல்: அடியில் உள்ளங்கையோடு சேரும் ரேகையிலிருந்து நுனி வரை. நகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த இரண்டு எண்ணையும் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் பொருத்திப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் எம், இன்னொன்றின் எம்எல்-ஆக இருப்பது சகஜம். எம்முக்கும் எல்லுக்கும் நடுவே எம்எல் என்று ஓர் அளவு இருப்பதே பலருக்குத் தெரியாது. எம் பிடிக்கிறது, எல் தொளதொளக்கிறது என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆசியச் சந்தைக்கு வருபவற்றில் எழுத்துக்குப் பதில் 22, 23, 24, 25 என்று சென்டிமீட்டர் எண் இருக்கும். பெண்களுக்கான அளவுகள் அதற்குக் கீழே, 18-ஐ ஒட்டி ஆரம்பிக்கும்.

சுற்றளவு ஒரு சைஸையும் விரல் நீளம் அதைவிடச் சின்ன சைஸையும் காட்டினால், அதாவது உள்ளங்கை அகலமாகவும் விரல்கள் குட்டையாகவும் இருந்தால், உங்களுக்கு வேண்டியது 'கேடட்' அளவு. அதே உள்ளங்கைக்கு விரல்களை மட்டும் குறுக்கித் தைத்தது அது. பெயரைப் பார்த்துச் சிறுவர்களுக்கானது என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. விரல் நுனியில் எப்போதும் அரை அங்குலம் காலியாகவே நிற்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்குத் தீர்வு இதுதான். விரல் நீளமாகவும் உள்ளங்கை ஒல்லியாகவும் உள்ளவர்களுக்கு இப்படித் தனி அளவு கிடைப்பது அரிது. வேறு நிறுவனங்களின் வெட்டை மாட்டிப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

அட்டவணை சொன்னாலும் கடைசி வார்த்தை கைக்குத்தான். மாட்டியபின் இவ்வளவும் பாருங்கள். விரல் நுனியைக் கிள்ளினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் காலித் தோல் அகப்படக் கூடாது. விரலிடுக்குகளில் உறையின் தையல் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே கூடாரம் மாதிரித் தூக்கி நின்றால் உறையின் விரல் நீளம் போதவில்லை, அந்த இடம்தான் முதலில் கிழியும். கையை விரித்து உள்ளங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள், விரலுக்கு மாட்டவே கூடாது. வெல்க்ரோ பட்டையைப் போட்டால் முக்கால் பங்கு ஒட்டி, கால் பங்கு மிச்சம் இருக்க வேண்டும். இளகும்போது இழுத்துப் போட அந்தக் கால் பங்குதான் கைகொடுக்கும். புது உறையிலேயே பட்டை கடைசி வரை போய் ஒட்டினால் அது பெரிது. நுனி மட்டும் தொத்திக்கொண்டு நின்றால் சிறிது.

கடையில் கிளப் இல்லையென்றால் குடைக் காம்பு போதும். பிடித்துக்கொண்டு, மற்ற கையால் காம்பை முறுக்குங்கள். உறை உங்கள் தோலோடு சேர்ந்து நிற்கிறதா, தோலின்மேல் வழுக்கித் திரும்புகிறதா? வழுக்கினால் ஒரு அளவு இறங்குங்கள்.

தோலா, செயற்கையா?

நல்ல கையுறைகளின் பாக்கெட்டில் 'கேப்ரெட்டா' என்று போட்டிருப்பார்கள். கம்பளி இல்லாமல் முடி மட்டும் வளரும் செம்மறியாட்டின் தோல் அது. கம்பளி ஆட்டின் தோலில் ரோமக்கால்களும் கொழுப்பும் அதிகம், இழை தளர்வு. முடியாட்டின் தோல் இறுக்கமான இழை கொண்டது. அதனால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் சீவினாலும் கிழியாமல் தாங்கும். நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு, மேச்சேரி செம்மறிகளும் முடியாட்டு வகைதான். மேச்சேரித் தோலுக்குத் தோல் வியாபாரத்தில் தனி மதிப்பு உண்டு.

கேப்ரெட்டாவின் அருமை, கிளப்பின் ரப்பர் வரிகள்கூட விரலுக்குத் தெரிவது. அதன் குறை, வியர்வையும் மழையும். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் வறட்டியாகும். செயற்கை நுண்ணிழை உறைகள் கொஞ்சம் தடிமன், உணர்வு மந்தம், ஆனால் நீட்சி சீராக இருக்கும், துவைக்கலாம், நாள்பட உழைக்கும், விலையும் குறைவு. நடுவழியாக, உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் மட்டும் தோல் வைத்து, புறங்கையில் வலைத்துணியோ செயற்கைத் தோலோ வைத்துத் தைத்தவை கிடைக்கின்றன. சென்னை, கொழும்பு மாதிரி புழுக்கம் பிடித்த ஊர்களில் புதிதாக ஆடவந்தவர்களுக்கு இந்தக் கலப்பு வகைதான் ஏற்றது. ஊட்டி, நுவரெலியா மைதானங்களில் கை அவ்வளவு வியர்க்காது, அங்கே முழுத்தோல் தன் குணத்தைக் காட்டும்.

பயிற்சி மைதானத்துக்கு மட்டும் நல்ல தோல் உறையைக் கொண்டுபோக வேண்டாம். 90 அடியில் ஒரு ரவுண்டை முடிப்பவர் அதில் முப்பத்தைந்தை, பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும் புட்டரால் அடிக்கிறார். கையுறையை உண்மையில் வதைப்பது மீதி ஐம்பத்தைந்து அடிதான். பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் 100 பந்து அடித்தால் இரண்டு ரவுண்டின் தேய்மானம் ஒரே மூச்சில் போய்விடும், அதுவும் நடுவே காய நேரமில்லாமல். அதற்கு ஒரு செயற்கை உறையையோ, மைதானத்திலிருந்து ஓய்வு கொடுத்த பழைய உறையையோ வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் விதம்

ஐந்து விரலையும் ஒரே சமயத்தில் திணித்து, மணிக்கட்டுப் பக்கத்தைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கம். புது உறை கட்டைவிரல் தையலில் விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் கை உலர்ந்திருக்கட்டும், அந்தக் கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். கிரிப் அழுத்தும் அழுத்தத்தில் மோதிரம் உள்ளிருந்தே தோலை அறுக்கும். வெல்க்ரோவை முழுக்கத் திறந்து, நான்கு விரல்களை மட்டும் நுழையுங்கள், கட்டைவிரல் வெளியே இருக்கட்டும். மற்ற கையின் விரல்களை விரலிடுக்குகளில் கோத்து, உறையை அடிவரை அழுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு விரலாக நுனியிலிருந்து அடிநோக்கித் தடவினால் சுருக்கம் கீழே இறங்கிவிடும். விரல்கள் உட்கார்ந்த பிறகே கட்டைவிரல். அதன் தையல் முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா பாருங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கத்து அடிவிளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மணிக்கட்டை நோக்கி ஒரே ஒரு இழுப்பு. உள்ளங்கையின் நடுவில் நின்ற கடைசிச் சுருக்கம் அதில் போய்விடும்.

கையை விறைப்பாக விரித்துக்கொண்டு வெல்க்ரோவை இழுத்துப் போட்டால், கிளப்பைப் பிடித்ததும் புறங்கை விரியும், பட்டை இழுபட்டு அடியின் நடுவில் 'டிக்' என்று விட்டுக்கொள்ளும். கிளப் பிடித்த மாதிரி விரல்களைப் பாதி மடக்கிக்கொண்டு போடுங்கள். பட்டையை நேர்குறுக்காக ஒட்டுங்கள். சாய்வாக ஒட்டினால் மணிக்கட்டில் ஒரு மூலை தூக்கும், அங்கே தூசி சேர்ந்து வெல்க்ரோ சீக்கிரம் செத்துப்போகும்.

கழற்றும்போது விரல் நுனிகளைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டாம். விரல் பகுதி நீள்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பட்டையைத் திறந்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து மெல்லச் சுருட்டித் தள்ளினால் தானே வரும்.

புட்டிங்கில் கழற்றுவதா? பெரும்பாலோர் கழற்றுகிறார்கள், ஆனால் அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் போட்டுக்கொண்டேதான் புட் செய்தார். உணர்வைவிட, கைக்கும் தோலுக்கும் காற்றாட நேரம் கிடைக்கிறது என்பதுதான் கழற்றுவதற்கு நல்ல காரணம். கையுறையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு அமெரிக்கர் ஃபிரெட் கப்பிள்ஸ் சாட்சி. கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை 1992-ல் வெறுங்கையோடு வென்றார். இரண்டு கைக்கும் வேண்டும் என்பவர்களுக்கு இந்திய வம்சாவளி ஆங்கிலேயர் ஆரன் ராய். 2024 விண்டம் சாம்பியன்ஷிப்பை இரு கையிலும் கறுப்பு உறையோடு வென்றார். கோல்ஃப் விதி 4.3 சாதாரணக் கையுறையையும், கையை உலர்த்தும் பவுடரையும், கிரிப்பில் துண்டு சுற்றிக்கொள்வதையும் அனுமதிக்கிறது. கையை ஒரு நிலையில் நிறுத்திவைக்கும்படியோ பிடிக்கு உதவும்படியோ தைத்த பயிற்சிக் கையுறைகளைப் போட்டியில் போடக் கூடாது.

ஓட்டை சொல்லும் சேதி

சரியாகப் பிடிப்பவரின் உறை மெதுவாக, பரவலாகத் தேயும். கடைசி மூன்று விரல்களின் அடியிலும் உள்ளங்கையின் கீழ்ப்பகுதியிலும் தோல் பளபளத்துக் கறுக்கும், அவ்வளவுதான். ஐந்தாறு ரவுண்டில் ஓரிடத்தில் மட்டும் பொத்தல் விழுந்தால் உறையைத் திட்டிப் பயனில்லை. தோல் ஒரு இடத்தில் ஓட்டையாக வேண்டுமென்றால் கிளப் அங்கே அசைந்திருக்க வேண்டும்.

அதிகம் பார்க்கும் ஓட்டை, சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைமேட்டில் விழுவது. கிளப்பை விரல்களில் வைக்காமல் உள்ளங்கையின் குறுக்கே கிடத்திப் பிடிப்பவர்களுக்கு இது வரும். கிளப்பைப் பின்னால் தூக்கும் சுழற்சியின் உச்சியில் கடைசி விரல்கள் திறக்கும், கீழே வரும்போது அவசரமாக மூடும். ஒவ்வொரு அடியிலும் கிரிப் அந்த மேட்டில் அரைத்துவிட்டுப் போகும். உறையோடு கையை விரித்து, சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை பேனாவால் ஒரு கோடு போடுங்கள், பழைய உறையாக இருக்கட்டும். கிரிப் அந்தக் கோட்டின்மேல் உட்கார வேண்டும், சதைமேடு அதன் மேலே மூட வேண்டும். கிரிப்பின் முனை கைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டராவது தெரியட்டும். முனை உள்ளங்கைக்குள்ளேயே முடிந்தால் அதன் விளிம்பும் அதே இடத்தைத்தான் அறுக்கும்.

கட்டைவிரலின் உட்பக்கம் தேய்ந்தால், கட்டைவிரலைக் கிரிப்பின்மேல் எட்டும்வரை நீட்டி அழுத்துகிறீர்கள். சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டால் சரியாகும். கிளப் உச்சியில் தளர்ந்து விழுந்தாலும் இந்த இடம் தேயும். ஆள்காட்டி விரலில் ஓட்டை என்றால் அந்த விரலால் கிளப்பைக் கிள்ளிப் பிடிக்கிறீர்கள். விரல் நுனிகள் போனால் பெரும்பாலும் நகம், இல்லையென்றால் கிரிப் உங்கள் கைக்கு மெலிது, நுனிகள் உள்ளங்கையைக் குத்துகின்றன. உறையோடு இடது கையால் மட்டும் கிளப்பைப் பிடித்துப் பாருங்கள்: நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் அடிச்சதையை லேசாகத் தொட்டால் கிரிப் அளவு சரி. அழுந்தப் புதைந்தால் மெலிது, இடைவெளி விட்டால் தடிமன்.

இவை எதுவும் இல்லாமல் புதுசு புதுசாகக் கிழிந்துகொண்டே இருந்தால் கையுறையை விட்டுக் கிளப்பைப் பாருங்கள். வருடக்கணக்கில் மாற்றாத கிரிப் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அது வழுக்குவதால் கை இறுக்கும், இறுக்கமும் வழுக்கலும் சேர்ந்து தோலைத் தின்னும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் ஓரளவு உயிர் வரும். வராவிட்டால் கிரிப்பை மாற்றத்தான் வேண்டும்.

வியர்வையும் பராமரிப்பும்

வியர்வைத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலுள்ள உப்பு போகாது. தோலுக்குள் படிந்து, தோலை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பசையை வறளவைக்கும். அப்பளம் மாதிரி விறைத்துப்போன உறைகளின் கதை இதுதான். ஆட்டம் முடிந்ததும் கசக்கிப் பின்பாக்கெட்டில் திணித்து, பையோடு கார் டிக்கியில் போட்டு மூடினால் ஒரே இரவில் அந்த நிலைக்கு வந்துவிடும்.

கோடையில் மூன்று உறை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றியதை வெல்க்ரோவால் பையின் பிடியிலோ குடைக் கம்பியிலோ ஒட்டித் தொங்கவிட்டால் நடக்கும்போதே காற்றில் உலரும். மூன்றுக்கு ஆகும் செலவு ஒன்றும் வீண் இல்லை. ஒன்று மாற்றி ஒன்று காய்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொன்றாக வாங்கி நைந்துபோகவிடுவதைவிட மூன்றும் சேர்ந்து கூடுதல் நாள் வரும். வெயிலுக்குப் பூசும் கிரீமை உறை போடுமுன் பூசி, உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். கொசு மருந்தில் 'டீட்' இருந்தால் இன்னும் கவனம், சிலவகைச் செயற்கை இழையையும் பிளாஸ்டிக்கையும் அது இளக்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உள்ளங்கையை ஒற்றியெடுத்து, விரல்களை நீவி நேராக்கி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே போட்டால் போதும். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் ஆகாது. நன்றாக உலர்ந்தபின் வாங்கிய அட்டையிலேயே மாட்டி வைக்கலாம். அதனால்தான் அந்த அட்டையை முதல் நாளே குப்பையில் போடக் கூடாது. ஈரத்தோடு பாக்கெட்டில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் உறையை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். செயற்கை உறையைக் குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில், கையில் போட்டுக்கொண்டே கழுவுவது எளிது. வெல்க்ரோவில் சேரும் நூலையும் புல்லையும் பழைய டூத் பிரஷ்ஷால் சீவி எடுங்கள்.

தோல் உறை ஒன்றையே விடாமல் போட்டால் பத்து ரவுண்டை ஒட்டித் தளரும், செயற்கை இன்னும் சில ரவுண்டு தாங்கும். ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளங்கை கண்ணாடியாகப் பளபளத்தாலோ, வெல்க்ரோ கடைசி வரை போயும் மணிக்கட்டில் ஆடினாலோ அதன் மைதான வாழ்க்கை முடிந்தது, பயிற்சிக்கு அனுப்பிவிடலாம்.

மழைக்கு வேறு உறை

மழைக் கையுறை சோடியாக வரும், இரண்டு கையிலும் போட வேண்டும். உள்ளங்கையில் வெல்வெட் மாதிரி நுண்ணிழைத் துணி இருக்கும். நனையும்போதுதான் அது ரப்பரை நன்றாகக் கவ்வும், காய்ந்த நிலையில் சாதாரணமாகவே இருக்கும். தூறல் விழுந்ததும் போட்டுவிட்டு வழுக்குகிறதே என்று கழற்றிவிட வேண்டாம். துணியை நன்றாக நனைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். கிரிப்பும் நனைந்திருப்பது இதற்குப் பாதகமில்லை, ஆனால் சேறு இருக்கக் கூடாது. அளவு தோல் உறைக்குச் சொன்னபடியே, நனைந்தால் துணி தொங்கும் என்பதால் இதில் இன்னும் கறார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு சோடியை ஜிப் பையில் போட்டு, கோல்ஃப் பையின் பக்கவாட்டு அறையில், தோல் உறைகளோடு ஒட்டாமல் தனியாக வையுங்கள். ஈரமான சோடியைத் திரும்ப அதே ஜிப் பையில் மூடி மறந்தால், அடுத்த ஞாயிறு பையைத் திறக்கும்போது பக்கத்திலிருப்பவர்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்.